வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சான்றிதழ்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாலு வருஷம் கழித்து எழுதுகிறேன். பயப்படாதீர்கள், திரும்பி வரச் சொல்லி எழுதவில்லை.

பாப்பா ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தின் நுழைவுத் தேர்வில் முதலாவதாக வந்திருக்கிறாள். உதவித்தொகை கிடைத்தால்தான் சேர முடியும். ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்பு துவைக்கிறவளின் சம்பளம் உங்களுக்குத் தெரியாததா? நேர்காணலுக்கு அரை நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு போனேன்.

தலைமை ஆசிரியை நல்ல மாதிரி. "அப்பா வரலையாம்மா?" என்று பாப்பாவிடம்தான் கேட்டார்.

"அப்பா செத்துட்டாருங்க" என்றாள். கண்கூடக் கலங்கவில்லை. அந்தம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே வந்ததும், "ஏண்டி அப்படிச் சொன்னே?" என்று கேட்டேன்.

"விட்டுட்டுப் போயிட்டாருன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சும்மா."

நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளை என்று முழு உதவித்தொகையும் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோய்த் தர வேண்டுமாம். பாப்பா பெட்டி அடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

உண்மையைச் சொன்னால் அவளைப் பொய்க்காரி என்று அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் சான்றிதழுக்கு நான் எங்கே போவேன்? உங்களிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தெரியவில்லை. சொல்ல வேறு ஆளும் இல்லை.

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. கேட்காமல் இருக்க மனசும் வரவில்லை. பதில் போட்டால் ஆஸ்பத்திரி விலாசத்துக்குப் போடுங்கள். வீட்டுக்கு வேண்டாம், அங்கே நீங்கள் உயிரோடு இல்லை.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா