ஏழாவது கேள்விக்கு அப்பாவின் பதில்

திங்கட்கிழமை, காலை பத்து மணி

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மருமகளும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். கடிதம் என்றால் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று கை தானாக எழுதிவிட்டது. அதில் இரண்டாவது பாதி உண்மை இல்லை. அடித்துவிடலாமா என்று பார்த்தேன், முதல் வரியிலேயே அடித்தல் திருத்தல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். பயப்படாதே, யாரும் ஆஸ்பத்திரியில் இல்லை. ஆனால் இதை நின்றுகொண்டு மேலோட்டமாகப் படிக்காமல் உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி, பாதியில் போனை எடுத்து எனக்கு அடிக்காதே. ஏன் அடிக்கக் கூடாது என்பதும் உள்ளேயே வருகிறது.

நீ அனுப்பிய ஆப்பிரிக்கப் பயணப் புத்தகம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முப்பத்திரண்டு பக்கம், வழவழவென்ற காகிதம், அதை வைத்துக்கொண்டு அம்மா என்னைப் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. முதல் நாலு நாள் காட்டுக்குள் கூடாரம், கூடாரத்துக்குள்ளேயே கட்டில், மெத்தை, குளியல் தொட்டி, தொட்டியில் படுத்தபடி யானை தண்ணீர் குடிப்பதைப் பார்க்கலாமாம். யானை நம்மைப் பார்க்காதா என்று கேட்டேன், முறைத்தாள். பிறகு குட்டி விமானத்தில் கடற்கரைக்கு, அங்கே ஐந்து நாள், வாசற்படி இறங்கினால் மணல். அந்தக் குட்டி விமானத்துக்காக ஆளுக்குப் பதினைந்து கிலோதான், சக்கரம் வைத்த பெட்டி கூடாது, துணிப் பைதான் வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அம்மா ஒன்பதாம் பக்கத்துக்கு வருவதற்குள் சக்கரம் வைத்த பெட்டி இரண்டு வாங்கிவிட்டாள். அதை மாற்றத்தான் இப்போது கடைக்குப் போயிருக்கிறாள், ரசீதைத் தொலைத்துவிட்டு. அவள் வாய் இருக்கும்போது ரசீது எதற்கு. கறுப்பும் கருநீலமும் போட்டால் ஏதோ ஈ மொய்க்கும் என்று எழுதியிருப்பதால் என் பேண்ட் எல்லாம் பரணுக்குப் போய்விட்டது, மண் நிறத்தில் நாலு எடுத்து வந்திருக்கிறாள், போட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பழைய தொழிற்சாலைச் சீருடையேதான். தடுப்பூசி இரண்டு பேரும் போட்டுக்கொண்டோம், எனக்குக் கை வீங்கி வடிந்துவிட்டது. இதெல்லாம் நல்ல சேதி. அவள் திரும்பி வருவதற்குள் மற்றதையும் எழுதிவிட வேண்டும், அவள் பக்கத்தில் இருந்தால் எனக்கு எழுத வராது.

பதினோராம் பக்கத்துக்கு வருகிறேன். மூன்றாம் நாளும் நாலாம் நாளும் காலையில் நீயும் நானும் மட்டும் காட்டுக்குள் நடக்கப் போகிறோம், அம்மாவும் மருமகளும் பேத்தியும் கூடாரத்தில் இருப்பார்கள் என்று ஏற்பாடு செய்திருக்கிறாய். அம்மாவுக்கு நீ அனுப்பிய செய்தியை அவள் எனக்குக் காட்டிவிட்டாள், அவளைக் கோபிக்காதே. அப்பாவோட ரெண்டு நாள் காலைல தனியா நடக்கணும், அதுக்குத்தான் இவ்வளவு ஏற்பாடும், அவருக்கு என்மேல என்ன கோபம்னு இந்தத் தடவையாவது தெரிஞ்சுக்கணும் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்துவிட்டு நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ போன் செய்கிறாய், நான் நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்கிறேன் என்று இரண்டே வார்த்தை பேசிவிட்டு அவள் கையில் திணித்துவிடுகிறேன். நாலு வருடமாக இதே கதை. முகம் பார்த்துப் பேசலாம்ப்பா என்று எத்தனை தடவை கேட்டாய், கேமரா கெட்டுப்போச்சு என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். போன தடவை நீ தாடி மீசையோடு வந்தபோது சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் இந்த மூஞ்சியோட என் எதிர்ல உக்காராத என்று சொன்னேன், நீ தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய், இரண்டு நாள் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பிவிட்டாய். உனக்கு அது கோபமாகத் தெரியாமல் வேறெப்படித் தெரியும். அது கோபம் இல்லை. எனக்குக் காது கேட்பதில்லை. எழுதிவிட்டேன். வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் ஏதோ கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் பாதியைப் புரிந்துகொள்கிறேன், மீதிக்கு அம்மா என் மணிக்கட்டைத் தட்டுவாள், ஒரு தட்டு என்றால் ஆமாம் சொல்ல வேண்டும், இரண்டு என்றால் இல்லை, அழுத்திப் பிடித்தால் சிரிக்க வேண்டும். உன் மாமனார் வீட்டு விருந்தில் நான் பிரமாதமாகப் பேசினேன் என்று நீ சொன்னாயே, அன்றைக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் எனக்கு நாலு நாள் வலி.

எப்படிப் போயிற்று என்று கேட்பாய். முப்பத்தொரு வருடம் தகடு அழுத்தும் எந்திரங்களுக்கு நடுவில் நின்றவன் நான். என் கீழே வேலை செய்த ஒவ்வொருவன் காதிலும் அடைப்பான் இருக்கிறதா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவேன், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவேன். நான் மட்டும் போட மாட்டேன். எந்திரம் சத்தத்தை மாற்றினால் அதன் உள்ளே ஏதோ கோளாறு என்று அர்த்தம், அதைக் கேட்க ஒரு காதாவது திறந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. வருடா வருடம் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதைச் சோதிப்பார்கள், சத்தம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியே இருக்கும் அந்தப் பெண் சத்தத்தை விடும்போதெல்லாம் அவளுடைய தோள் இலேசாக அசையும். ஆறு வருடம் அந்தத் தோளைப் பார்த்தே பொத்தானை அழுத்தி முதல் தரமாகத் தேறினேன். பெருமையாக வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லவும் செய்தேன். நான் சொல்றது எதையும் நீங்க காதுல வாங்கறதே இல்லை என்று அவள் கல்யாணமான நாளிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தவள், அன்றைக்கு மட்டும் சண்டை போடவில்லை, அழுதாள்.

நடைக்குப் போகிறவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் பதினோராம் பக்கத்தோடு ஒட்டியிருக்கிறது. துப்பாக்கி வைத்திருக்கும் வழிகாட்டி முதலில், அவர் பின்னால் நான், என் பின்னால் நீ, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். பேசக் கூடாது. வழிகாட்டி திரும்பிப் பார்க்காமலே தாழ்ந்த குரலில் நில் என்றால் அந்த நொடியே நிற்க வேண்டும், பின்னால் போ என்றால் போக வேண்டும். ஒருவர் தவறினாலும் எல்லோருக்கும் ஆபத்து என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. பேசக் கூடாத இடத்துக்கா என்னைப் பேசக் கூட்டிப் போகிறாய் என்று முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நமக்குள் நாலு வருடமாக நடப்பதும் அதுதானே, பொருத்தமாகத்தான் இடம் பார்த்திருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாவது கேள்வி, காது கேட்பதில் குறை உண்டா. பென்சிலால் இல்லை என்ற கட்டத்தில் குறி போட்டுவிட்டு மூடிவைத்தேன். இரண்டே நாள் காலைதான், கண்ணை நன்றாகத் திறந்துவைத்து வழிகாட்டியின் முதுகைப் பார்த்தே சமாளித்துவிடலாம், அந்தத் தோளைப் பார்த்துச் சமாளிக்கவில்லையா என்று கணக்குப் போட்டேன்.

நடந்து பழகிக்கொள்ளச் சொல்லியிருப்பதால் தினமும் காலையில் நான் முன்னால், அம்மா பின்னால், கிடங்குத் தெரு வழியாக ஒரு சுற்றுப் போய் வருகிறோம். சனிக்கிழமை கிடங்கு வாசலில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, பீப் பீப் என்று கூவிக்கொண்டே வந்ததாம். அம்மா நில்லுங்க என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறாள், முதல் தடவை மெதுவாக, மூன்றாவது தடவை தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி. நான் கையை வீசிக்கொண்டு போய்க்கொண்டிருந்தேன். சட்டைக் காலரைப் பிடித்து அவள் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் கீழே விழுந்தோம், பின் சக்கரம் என் செருப்பில் ஒன்றின்மேல் ஏறிப் போனது. நான் எழுந்ததும் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா, நடுத்தெருவுல இப்படியா இழுப்ப என்று அவளைத் திட்டியதுதான். அவள் முழங்கையில் தோல் பெயர்ந்து இரத்தம், அதைத் துடைக்கக்கூட இல்லை, நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு என் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக உதட்டைப் பிரித்துச் சொன்னாள். காட்டுல உங்க பின்னாடி நிக்கப்போறது என் புள்ளை. அவ்வளவுதான் சொன்னாள். வீட்டுக்கு வந்த பிறகு இன்னொன்றும் சொன்னாள், நாளைக்கு விட்டுடறேன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரும்போது நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன் என்று. இத்தனை வருடத்தில் அவள் எனக்குக் கெடு வைத்தது இதுதான் முதல் தடவை. கூரியர்க்காரர் சனிக்கிழமைக்குள் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார், அதனால்தான் இந்த அவசரம்.

ஒட்டகம் என்று எல்லோரும் கூப்பிடுவோமே, அவரை உனக்கு ஞாபகம் இருக்கும், நீ சின்னப் பிள்ளையில் தொழிற்சாலைக்கு வந்தால் உன்னைத் தூக்கிக் கிரேன் கூண்டில் உட்காரவைப்பாரே, அந்த நெட்டை மனிதர். அவருக்குக் கண் மங்கியதை ஒரு வருடம் யாரிடமும் சொல்லாமல் மூடி மறைத்தே கிரேன் ஓட்டினார். ஒரு நாள் நான் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்து என்று காட்டுகிறேன், தகட்டுக் கட்டு அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கே அவரைக் கீழே இறக்கினேன். ஆறு மாசம்தான் பாக்கி, பார்த்து ஓட்டிக்கிறேன் சார், விட்டுடுங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கீழ நிக்கிறவன் வீட்டுக்கு யார் போய்ப் பதில் சொல்றது என்று கேட்டுவிட்டு அவர் சாவியை வாங்கிக்கொண்டேன். இன்றைக்கும் அது சரியென்றுதான் சொல்வேன். போன வருடம் மருந்துக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். அவருக்கு என் முகம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தார். அவர் என்னென்னவோ சொன்னார், எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றோம். சனிக்கிழமை ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு நடந்து வரும்போது, அவரிடம் நான் கேட்ட அதே கேள்வியை வழியெல்லாம் என்னிடம் யாரோ கேட்டுக்கொண்டே வந்த மாதிரி இருந்தது. மருமகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன், பேத்திக்கு என்ன சொல்வேன். எனக்குப் பயம் வந்துவிட்டது மகனே, என் உயிருக்கு இல்லை.

ஆகவே பென்சில் குறியை அழித்துவிட்டு ஆமாம் என்ற கட்டத்தில் பேனாவால் போட்டிருக்கிறேன். படிவம் இதோடு வருகிறது, கம்பெனிக்கு அப்படியே அனுப்பு, எனக்காக எதையும் பூசி மெழுகாதே. நடைக்கு என் பெயரை எடுத்துவிட்டு அம்மா பெயரைப் போடு. அவளுக்குப் பக்கத்து வீட்டில் ஸ்பூன் விழுந்தாலும் கேட்கும், என்னைவிட வேகமாகவும் நடப்பாள், முழங்கை ஆறிக்கொண்டிருக்கிறது. நான் பேத்தியோடு ஜீப்பில் போகிறேன், சிங்கத்தைப் பார்க்கக் கண் போதும், அவள் என் கையைத் தட்டி எங்கே இருக்கிறது என்று காட்டட்டும். இதைப் படித்துவிட்டு மொத்தப் பயணத்தையும் ரத்து செய்கிறேன், அப்பாவை நல்ல டாக்டரிடம் காட்டலாம் என்று கிளம்பாதே. டாக்டரைப் பார்த்தாயிற்று, காது மிஷினும் இரண்டு வருடமாக மூக்குக்கண்ணாடி டப்பாவுக்குள் இருக்கிறது. பழக மூன்று மாதம் ஆகும் என்றார், நான் மூன்று நாள் போட்டுவிட்டுத் சாப்பாட்டுத் தட்டுச் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று கழற்றி எறிந்தேன். நேற்றிலிருந்து மறுபடியும் போட்டிருக்கிறேன், இதை எழுதும்போது பேனா காகிதத்தில் உரசுவது கேட்கிறது, அது ஒரு சத்தம் என்பதே மறந்துபோயிருந்தது. அம்மாவைக் குற்றம் சொல்லாதே, சத்தியம் வாங்கி அவள் வாயைக் கட்டியது நான்தான். உன்மேல் கோபம் என்று நீ நாலு வருடம் நினைத்துக்கொண்டு இருக்க விட்டேனே, செவிடன் என்று தெரிவதைவிடக் கோபக்காரன் என்று தெரிவது மேல் என்று இருந்துவிட்டேனே, அது என் தப்பு, மன்னித்துக்கொள்.

தனியாக நடக்க வேண்டும் என்று நீ கேட்டது எனக்கும் வேண்டும். கடற்கரையில் ஐந்து நாள் இருக்கிறதே, அங்கே ஒருவர் பின் ஒருவராகப் போகச் சொல்லி யாரும் துப்பாக்கி வைத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. என் இடது பக்கம் நட. அலைச் சத்தத்தில் அந்தக் காதும் ஒத்துழைக்காது, அதனால் பேசும்போது நின்று என் பக்கம் திரும்பிப் பேசு, எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்லை. மருமகளை ஒழுங்காகத் தூங்கச் சொல், பேத்திக்கு ஊசி போடும்போது கூடவே இரு. மூன்று பேரும் நீண்ட ஆயுளோடு மனம் நிறைந்து இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் வாழ்த்துகிறோம்.

மறக்காமல் ஒன்று செய். வரும் ஞாயிற்றுக்கிழமை முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, கேமராவுக்கு ஒரு கேடும் இல்லை. வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்கார். தாடி இருக்கட்டும், உனக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மீசையை மட்டும் மேல் உதடு தெரியும்படி கொஞ்சம் கத்தரித்துக்கொள். நீ என்ன சொல்கிறாய் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு
உன்மேல் ஒரு கோபமும் இல்லாத
அப்பா