அம்மாவுக்கு ஒரு சறுக்கு நாற்காலி

அன்பு மகள் கைசாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கடவுள் கிருபையால் நானும் அம்மாவும் கால் விரல் ஒன்றும் உறையாமல் நலமாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளை ஹாமிஷும் எங்களுக்குப் பனி பெய்யும்போது உங்களுக்குக் கோடை அடிக்கிற அந்தத் தலைகீழ் தேசத்து வெயிலில் கருகிப்போகாமல் நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே பனி சமையலறைச் சன்னலின் பாதி வரை ஏறிவிட்டது. கூரைப் பனியை வாரம் ஒருமுறை தள்ள வேண்டியிருக்கிறது. நீ திட்டுவாய் என்று தெரியும், ஆகவே பக்கத்து வீட்டுக்காரன் ஏறித் தள்ளுகிறான் என்றே வைத்துக்கொள்.

தோட்டத்துக்கு ஒரு கேட்டும், செடித்தொட்டி வைக்க ஸ்டாண்டும் நீயே செய்யப் போவதாகவும், அதற்கு எந்த வெல்டிங் மெஷின் வாங்கலாம் என்றும் கேட்டு எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. பஸ் ஓட்டியே காலத்தைக் கழித்த என்னிடம் எதற்குக் கேட்கிறாய்? ஆனால் ஆளறிந்துதான் கேட்டது போல ஆகிவிட்டது, ஏனென்றால் இலையுதிர் காலத்திலிருந்து நானும் அதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இதை உன்னிடம் போனில் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பாய், அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். இப்போது எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

போன மார்ச்சில் அம்மா முற்றத்துக் கோடியில் இருக்கும் நீராவிக் குளியலறைக்கு, அதுதான் நம் சவுனாவுக்கு, போகிற வழியில் ஐஸில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டது உனக்குத் தெரியும். ஆபரேஷன் நன்றாக ஆனதும் தெரியும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவள் வாசல் படி இறங்கவே இல்லை என்பதுதான் உனக்குத் தெரியாது. எலும்பு சேர்ந்துவிட்டது, வைத்தியர் நட நட என்கிறார், வீட்டுக்குள் நன்றாகத்தான் நடக்கிறாள். கதவைத் திறந்தால் மட்டும் முகம் வெளுத்துவிடும். கோடையிலும் அப்படித்தான். புல்தரைதானே லெம்பி, என்ன பயம் என்று கேட்டேன். எனக்குப் பயமெல்லாம் இல்ல, போகப் பிடிக்கல, அவ்ளோதான், விடேன் என்றாள். சனிக்கிழமை சவுனாவுக்கு நான் மட்டும் போய் மேல் பலகையில் தனியாக உட்கார்ந்துவிட்டு வருவேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தப் பலகையில் அவள் எனக்கு இடப்பக்கம்தான் உட்காருவாள். ஆவி எழும்ப அடுப்பின் சுடுகல்லில் தண்ணீர் ஊற்றுகிற கரண்டியை என் கையில் தரவே மாட்டாள். இப்போது கரண்டி என் கையில் இருந்தது, எனக்கு ஊற்றவே மனம் வரவில்லை கண்ணு.

அதனால்தான் சறுக்கு நாற்காலி யோசனை வந்தது. நம் பக்கத்தில் பாதி வீட்டுக் கொட்டகையில் ஒன்று தொங்கும்தான், அடியில் இரண்டு நீளச் சறுக்குக் கட்டைகள், முன்னால் ஒருவர் உட்கார, பின்னால் ஒருவர் நின்று காலால் உந்திக்கொண்டு போவது. இரவல் வாங்கிப் பார்த்தேன். எல்லாம் மரத்தில் செய்தவை, இருக்கை தாழ்வு. அவள் இடுப்புக்கு அவ்வளவு கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. இருக்கை உயரமாக, கால் அகலமாக, கவிழாமல் இருக்க வேண்டும் என்றால் இரும்பில் நானே செய்தால்தான் உண்டு. வீட்டு வாசலில் ஏற்றி சவுனா வாசலில் இறக்கிவிட்டால் ஐஸில் கால் வைக்காமலே போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நேரே கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிய மெஷினைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கேதான் ராக்சேன் பிடித்துக்கொண்டாள். பனி தள்ளும் வண்டிகளைப் பழுது பார்க்கிறாளே, சிவப்புத் தலைமுடி, நம் பள்ளிக்கூடத்துப் பட்டறையில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வெல்டிங் வகுப்பும் எடுக்கிறாள், அவள். சின்னப் பிள்ளையில் என் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து கத்திக்கொண்டு வந்தவள். என்ன ரெய்னோ, கப்பல் கட்டப் போறீங்களா என்றாள். நாற்காலி என்றேன். நாற்காலிக்கு இந்த யானை எதுக்கு, இதுக்குத் தனி லைன் இழுக்கணும், உங்க வீட்டு ஒயரு புகைஞ்சுதான் போகும் என்று என்னை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் எனக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். குச்சியால் ஒட்டுவது ஒரு வகை, மலிவு, துருப்பிடித்த தடித்த இரும்பையும் பிடித்துக்கொள்ளும், ஆனால் புதியவர்களின் பொறுமையைச் சோதிக்கும். சிலிண்டர் வைத்து வாயு விட்டுக்கொண்டே கம்பி ஊட்டுவது இன்னொன்று, வேலை அழகாக வரும், ஆனால் சிலிண்டர் தனிச் செலவு, கொஞ்சம் காற்றடித்தாலும் வாயு கலைந்து ஒட்டு முழுக்க ஓட்டை விழும். மூன்றாவது, கம்பிக்குள்ளேயே மருந்துப்பொடி அடைத்தது, சிலிண்டர் வேண்டாம், வீட்டு பிளக்கிலேயே ஓடுகிற சின்ன மெஷின் போதும். நான் வாங்கியது அதுதான். நீயும் அதையே வாங்கு, வாயுவுக்கும் மாற்றிக்கொள்ளலாம் என்கிற மாதிரி கிடைத்தால் இன்னும் நல்லது. மெஷினில் மிச்சம் பிடித்தாலும் முகமூடியில் பிடிக்காதே. வெளிச்சம் வந்ததும் தானாக இருட்டாகிறது வாங்கிக்கொள். தோல் கையுறை, தோல் பூட்ஸ், உடம்புக்குப் பருத்தியோ கம்பளியோதான். ஹாமிஷின் பளபளப்பான நைலான் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்காதே. நான் அப்படி நின்றுதான் என் நீலக் கோட்டு பொறி பட்டுச் சல்லடையாகிவிட்டது.

வகுப்பில் முதல் சில வாரம் ஒன்றையும் ஒட்டவே விடவில்லை. ஒரு வாளி நிறையத் துண்டு இரும்பைக் கொடுத்து, கோடு போடுங்க, கோடு மட்டும் போடுங்க என்றாள். என் முதல் கோட்டைப் பார்த்துவிட்டு, ரெய்னோ, இது மேல குருவி எச்சம் போட்டுச்சா என்று கேட்டாள், வகுப்பே சிரித்தது. ஒருநாள் முழுவதும் பொறியே வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று சண்டைக்குப் போனேன். பார்த்தால் எர்த் ஒயரின் கிளிப்பைப் பெயிண்டின் மேல் மாட்டியிருக்கிறேன். வெறும் இரும்பில் மாட்ட வேண்டும், மறக்காதே. ஒட்டும்போது கண்ணைவிடக் காது முக்கியம் என்றும் சொன்னாள். வாணலியில் பன்றிக்கறி வறுபடுகிற சத்தம் சீராகக் கேட்டால் சரி, பட்பட்டென்று வெடித்தால் கம்பியின் வேகம் ஒத்துவரவில்லை. இரண்டு கையாலும் பிடி, முழங்கையை எதிலாவது ஊன்றிக்கொள், மெதுவாக உன் பக்கம் இழு. அவசரக்காரிக்கு இது வராது, உனக்குத்தான் சொல்கிறேன்.

ஜனவரியில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. பழைய நாய்க் கூண்டின் வேலிக் குழாய்கள் ஷெட்டில் கிடந்தன, நல்ல அளவு. அதெல்லாம் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. குழாய். ஜி.ஐ. பக்கம் போகாதீங்க, புகை விஷம் என்று ராக்சேன் முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தாள். அது பளபளவென்று இருக்கிற புதுக் குழாய்க்குத்தான், இது இத்தனை குளிர்காலம் கண்ட குழாய், பூச்சு எங்கே இருக்கப் போகிறது என்று நான் முடிவு செய்துகொண்டேன். வெளியே மூக்கு உறைகிற குளிர், ஆகவே ஷெட் கதவையும் இறுகச் சாத்திவிட்டு, ஹீட்டரும் போட்டுக்கொண்டு காலை முழுவதும் ஒட்டினேன். ஒட்டு ஒவ்வொன்றும் வெள்ளையாகப் புகைந்தது. எனக்கு நாற்காலி உருவாகிற சந்தோஷத்தில் மூக்குக்கூட வேலை செய்யவில்லை.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் வாயெல்லாம் காசைச் சப்பியது போல ஒரு ருசி, உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. ஜலதோஷக் காய்ச்சல் என்று நினைத்தேன். காய்ச்சல் வந்தால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சவுனாவுக்குப் போவார்கள். அந்த முட்டாள்தனத்தை நானும் செய்தேன். அடுப்பைக் கொளுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன், அந்தச் சூட்டிலும் பல் அடித்துக்கொண்டது. எழுந்து போகலாம் என்றால் கால் நிற்கவில்லை. கீழ்ப்பலகையில் படுத்துவிட்டேன். கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டால் யார் வரப் போகிறார்கள்?

கதவு திறந்தது கைசா. அம்மா நின்றாள். என் பனிக்கோட்டு, தலையில் துண்டு, பூட்ஸுக்கு மேல் என் கம்பளிக் காலுறை இரண்டையும் வழுக்காமல் இருக்க இழுத்து மாட்டியிருக்கிறாள். அவளுக்கு முன்னால் சமையலறை நாற்காலி. அதை ஐஸின் மேல் தள்ளித் தள்ளி, பிடித்துக்கொண்டே முற்றம் முழுவதும் தாண்டி வந்திருக்கிறாள். வழக்கமான நேரத்துக்குத் திரும்பவில்லையே என்று சன்னலில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள், என்னால் தாங்க முடியவில்லை என்று பிறகு சொன்னாள். அப்போது அப்படியெல்லாம் சொல்லவில்லை. அறிவு கெட்ட மனுஷா, காய்ச்சலோட உள்ள வந்து தனியா வேகுறியே, செத்துத் தொலைஞ்சா இந்தப் பனியில உன்னை எங்க புதைக்கிறது, எழுந்திரு என்றாள். அவள் கை மட்டும் என் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தது. தண்ணீர் கொடுத்து, ஆடை மாட்டி, அந்த நாற்காலியின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை அவளும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம். அவள் கிளினிக்குக்கு போன் போட்டாள், காலையில் நான் ஒட்டிய குழாயைப் பற்றிக் கேட்டுவிட்டு இது துத்தநாகப் புகைக் காய்ச்சல், மூச்சு முட்டினால் உடனே அழைத்து வாருங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிறையக் கொடுங்கள் என்றார்களாம். மறுநாள் ராத்திரிக்குள் காய்ச்சல் இறங்கிவிட்டது. விஷயம் கேட்டு ராக்சேன் வந்து நின்று, கதவையும் சாத்திட்டீங்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பிறகு அந்தக் குழாய்களையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். நீ ஜி.ஐ. குழாயைத் தொடவே தொடாதே. எந்த இரும்பானாலும் கதவைத் திறந்து வைத்துச் செய்.

பூச்சில்லாத கறுப்புக் குழாய் வாங்கி, கதவைத் திறந்து போட்டுக் குளிரில் நடுங்கிக்கொண்டு திரும்பச் செய்தேன். போன சனிக்கிழமை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆனால் எனக்குப் பயம், ஏனென்றால் அன்றைக்குப் பிறகு அவள் மறுபடியும் வெளியே வரவில்லை. அது உனக்காக வந்தேன், வேற ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டாள். கதவைத் திறந்தாள், முகம் வெளுத்தது. கைப்பிடியைத் தொட்டுப் பார்த்தாள், ஒட்டுகளைக் குனிந்து பார்த்தாள், ரொம்ப நேரம் பார்த்தாள். இதெல்லாம் ஒரு ஒட்டா, தாங்குமா இது என்றாள். தாங்கும், உட்காரு, நான் தள்ளுகிறேன் என்றேன். நீ உட்காரு, உடையறதா இருந்தா நீ விழு என்றாள்.

நான் உட்கார்ந்தேன். அவள் பின்னால் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு தள்ளினாள். முதலில் ஒரு சாண், நின்றாள், மறுபடி ஒரு சாண். பிறகு நிற்கவில்லை. சவுனா வாசல் வந்தது, அங்கேயும் நிற்கவில்லை. எங்கே போறே லெம்பி என்று கேட்டேன். பேசாம உட்காரு என்றாள். வேலியைத் தாண்டி, மரங்களுக்கு நடுவே, ரோட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனாள். அவள் மூச்சு என் தொப்பிக்கு மேல் கேட்டுக்கொண்டே வந்தது. அவளைச் சுமக்கத்தான் இதைச் செய்தேன், அவளுக்குப் பிடித்துக்கொள்ளத்தான் ஏதோ ஒன்று வேண்டியிருந்திருக்கிறது. நான் அழுதேன், நல்லவேளை முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன்.

நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், நீ கை வைக்கிற இரும்பெல்லாம் நன்றாக ஒட்ட வேண்டும். கேட் முடிந்ததும் படம் அனுப்பு, குருவி எச்சமாக இருந்தாலும் அனுப்பு. ஒன்று மட்டும் மறக்காதே, இனிமேல் சனிக்கிழமை சாயங்காலம் போன் செய்யாதே. எடுக்க வீட்டில் யாரும் இருக்க மாட்டோம்.

உன் பிரியமுள்ள அப்பா,
ரெய்னோ