காமினி சொன்ன காற்று

ஜார்ஜ்டவுன்
5 டிசம்பர் 2025

அன்புள்ள ஷர்வின் அப்பாவுக்கு,

போனில் பேசினால் இரண்டாவது நிமிடமே சண்டை வருகிறது. அதனால் எழுதுகிறேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா? நெஞ்சுக்குள் குழாய் வைத்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் சீசன் தொடங்கிவிட்டதென்று படகை எடுத்துக்கொண்டு லங்காவிக்குப் போய்விட்டீர்கள். படகு முன்பதிவுக்கு வருகிற போன் எல்லாம் வழக்கம்போல என் தலையில்.

அடுத்த வாரம் இரண்டு குடும்பங்கள் வருகின்றன. பிள்ளைகளோடு, கரையோரமாக, அரை நாள். ஆழ்கடல் மீன்பிடிக்கு இந்த வருடம் யாரும் கேட்கவில்லை. விலைவாசி அப்படி. நம் பிள்ளை ஷர்வினுக்குக் கோலாலம்பூரில் பரீட்சையாம். ஆபீஸ் முடிந்து வந்தால் எனக்கு ரசம் வைக்கக்கூட எழுந்திருக்க முடிவதில்லை.

காமினி


லங்காவி
3 ஜனவரி 2026

காமினி,

மாத்திரை போடுகிறேன். பக்கத்துப் படகுகள் விடியுமுன் ஆழ்கடலுக்குப் போய், சாயங்காலம் தெங்கிரி மீனோடு வருகின்றன. நான் பிள்ளைகளுக்குத் தூண்டிலில் இறால் கோத்துக் கொடுக்கிறேன். நேற்று ஒரு சிறுமி, “அங்கிள், இது மீனா, மீன் குஞ்சா?” என்றாள்.

படகோட்டுகிற என்னைத் தெக்கோங், தெக்கோங் என்று வருடாவருடம் தேடி வந்தவர்கள் ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. நெஞ்சுவலி விஷயம் தெரிந்திருக்கும். நடுக்கடலில் மயங்கி விழுந்துவிடக்கூடியவன் ஓட்டும் படகில் யார் ஏறுவார்கள்? தப்பில்லை. ஒரு சீனத் தவுக்கே முதலாளி படகை விலைக்குக் கேட்கிறார். தைப்பூசத்துக்குள் கொடுத்துவிடுவேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

சுகுமாரன்


லங்காவி
17 ஜனவரி 2026

காமினி,

உன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இன்று ஜெட்டியில் ஹைதரைப் பார்த்தேன். சூலியா தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நம் ஹைதர்தான். வேறு படகில் ஆழ்கடல் போய்விட்டு இறங்குகிறான். நான் சும்மா உட்கார்ந்து படகைக் கழுவிக்கொண்டிருக்கிறேன்.

“என்னாண்ணே, அக்காகிட்ட எத்தன தடவ கேட்டேன்! ஒரே காத்து, தெக்கோங் ஆழத்துக்குப் போகலன்னு சொன்னாங்க. கடலு தட்டு மாதிரி கெடக்குதுலா! உங்க போட்டுக்கு மட்டும் தனிக் காத்தா?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வருடாவருடம் வரும் ஈப்போ ஆட்களுக்கும் அதே காற்றைத்தான் சொன்னாயாம்.

காற்றைப் பார்த்துப் போகலாம், வேண்டாம் என்று சொல்வது ஒன்றுதான் என் தொழில். அதை நீ எடுத்துக்கொண்டாய். நான் செத்துவிடுவேன் என்று பயந்தாய், புரிகிறது. யாருக்கும் வேண்டாதவனாகிவிட்டேன் என்று இங்கே ஒருத்தன் உட்கார்ந்திருந்தானே, அவனை நினைத்தாயா?

படகை விற்கவில்லை. வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.

சுகுமாரன்


ஜார்ஜ்டவுன்
24 ஜனவரி 2026

அன்புள்ள ஷர்வின் அப்பாவுக்கு,

ஹைதர் சொன்னது உண்மை. கேட்டவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். முதல் தடவை நாக்குக் கூசியது. அப்புறம் பழகிவிட்டது. படகை விற்கிறேன் என்று நீங்கள் எழுதியபோது சந்தோஷப்பட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ‘எனக்கே தெரியவில்லை’ என்ற அதன் கடைசி வரியைப் படித்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

நீங்கள் ஆஸ்பத்திரியில் உள்ளே கிடந்தீர்கள். நான் வெளியே பெஞ்சில் இருந்தேன். இன்னொரு முறை அப்படி உட்கார எனக்குத் தெம்பில்லை. இதற்கு மேல் நியாயம் எதுவும் என்னிடம் இல்லை.

நேற்று ஈப்போ ஆட்கள் மறுபடி கூப்பிட்டார்கள். பூசம் முடிந்த வாரம், ஆறு பேர், ஆழ்கடல். “இப்பவாச்சும் காத்து நின்னுச்சாக்கா?” என்று கேலி வேறு. தெக்கோங்கையே கேளுங்கள் என்று உங்கள் நம்பரைக் கொடுத்தேன். ஐந்து பேருக்குத்தான் இடம் என்றும் சொன்னேன்.

“ஏன்க்கா, போட்டு சின்னதாயிடுச்சா?”

ஆறாவது இடம் எனக்கு. ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். போகலாமா வேண்டாமா என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வாயே திறக்க மாட்டேன். வீட்டுக்கு வருவதைப் பற்றித் திரும்பிக் கரை இறங்கிய பிறகு முடிவு செய்துகொள்ளுங்கள்.

கட்டிப்போட்ட படகில் ஏறினாலே எனக்கு வாந்தி வரும். ஒரு வாளி எடுத்து வையுங்கள்.

காமினி