ரப்பர் பேண்ட் போட்ட கடிதங்கள்

மார்ச் 4

அன்புத் தம்பிக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். சட்டமன்ற உறுப்பினரின் உதவியாளருக்குக் காய்ச்சலில் படுக்கக்கூட நேரம் இருக்காது. போன் பண்ணினால் "மீட்டிங்ல இருக்கேன்க்கா" என்கிறாய். அதனால்தான் கடிதம்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கான அரசு நிதியைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்களாமே. இருபத்திரண்டாம் தேதி வாக்கெடுப்பு. நிதி போனால் எங்கள் வார்டில் சோதித்துப் பார்க்கும் புது மருந்தும் போய்விடும். டாக்டரம்மாவின் முகமே சொல்லிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? நர்ஸ் படுக்கை எண் எழுதும் பலகையைத் துடைத்துவிட்டு, உன் உறுப்பினருக்கு ஒரு கடிதத்தின் ஆரம்ப வரிகளை எழுதிப் போட்டேன். பள்ளிக்கூடத்தை விட்டாலும் டீச்சர் புத்தி விடவில்லை. எங்களோடு மருந்து எடுக்கும் பஸ் டிரைவர் அண்ணன், "டீச்சர், மார்ஜின் விடணுமா?" என்று கேட்டாரே பார்க்கலாம், சிரித்த சிரிப்பில் என் கையில் மருந்து ஏற்றும் குழாயே கழன்றுவிட்டது.

மொத்தம் நாற்பத்தொரு பேர் அந்த வரிகளோடு ஆரம்பித்து எழுதி அனுப்பியிருக்கிறோம். பார்த்துக்கொள். எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

திட்டு கிடைத்தது, வாங்கிக்கொண்டேன். கடிதங்களும் வந்து சேர்ந்தன. விதிப்படி கோப்பில் சேர்த்தாகிவிட்டது. உறுப்பினர் நல்லவர். எத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் முடிவெடுப்பார். கவலைப்படாதே. வாக்கெடுப்பு முடிந்ததும் வருகிறேன்.

உன் தம்பி

மார்ச் 24

அக்கா,

நிதியைக் குறைத்துவிட்டதைச் செய்தியில் பார்த்திருப்பாய். எங்கள் உறுப்பினரும் அதற்குத்தான் கை தூக்கினார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. ஒரே வாசகத்தில் வரும் கடிதங்களை ஒரு கட்டாகக் கட்டி, 'ஒன்று' என்று பதிவோம். உங்கள் கடிதங்களில் நாலைந்தைப் பிரித்தேன். எல்லாவற்றிலும் அதே மூன்று வரி. அதற்குக் கீழே படிக்கவில்லை. ரப்பர் பேண்ட் போட்டுவிட்டேன். 'பார்த்துக்கொள்' என்று எழுதியிருந்தாய். அக்காவுக்காக விதியை வளைத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று பயந்தேன்.

வாக்கெடுப்பன்று காலையில் உறுப்பினர் கேட்டார்: "இந்த நிதி விஷயமா எத்தனை லெட்டர் வந்துச்சுப்பா?"

"மூணு சார்." உங்கள் கட்டு ஒன்று, வேறு ஊர்களிலிருந்து வந்தவை இரண்டு.

"அவ்வளவுதானா?" என்றபடி காரில் ஏறிவிட்டார்.

நேற்று கட்டைப் பிரித்தேன். நாலாவது வரியிலிருந்து ஒவ்வொருவரும் அவரவர் கதையை எழுதியிருக்கிறார்கள். டிரைவர் அண்ணன், இன்னும் ஒரே ஒரு நாள் காலை முதல் டிரிப் எடுக்க ஆசை என்கிறார். ஒரு கல்லூரிப் பெண், அம்மாவுக்குத் தெரியாமல் எழுதுவதாகச் சொல்கிறாள். கடைசியாக உன்னுடையது இருந்தது. 'இந்த மருந்தால்தான் ஐந்து மாதமாக நடமாடுகிறேன். நிறுத்தினால் மழைக்காலம் வரை தாங்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் தம்பிக்கு இது தெரியாது. தெரிந்தால் உடைந்துவிடுவான்.'

ஏன்க்கா என்னிடம் சொல்லவில்லை? கேட்க எனக்கு என்ன யோக்கியதை. நீ ஒரு வார்த்தை சொன்னால் உடனே கிளம்பி வருகிறேன்.

பாவி,
உன் தம்பி

ஏப்ரல் 2

தம்பி,

நேற்றோடு மருந்தை நிறுத்திவிட்டார்கள். டாக்டரம்மா எங்களிடம் சொல்லிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பலகையில் எழுதிப் போட்டவள் நான்தான். அவரவர் போக்கில் எழுத விட்டிருந்தால் நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றாக நின்றிருக்கும். அது என் மனசை அரிக்கிறது. உன்னை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. ஆனாலும் கோபம் ஆறவில்லை. இன்னும் ஒரே ஒரு வரி படித்திருக்கலாமேடா.

அடுத்த கூட்டத்தொடரில் நிதியைப் பற்றி மறுபடி பேச வழி இருக்கிறதாமே. அத்தனை கடிதங்களையும் உறுப்பினர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படி. என்னுடையதையும்தான். வேலை போனால் போகட்டும். எங்களுக்கு இனி அந்த நிதி உதவாது. எங்களுக்குப் பிறகு இந்தப் படுக்கைகளுக்கு வரப்போகிறவர்களுக்கு உதவும்.

நீ இங்கே வந்தால் அழுவாய். நீ அழுதால் நான்தான் தேற்ற வேண்டும், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இப்போது எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. வராதே.

அக்கா