வெள்ளைத்தாள் ஒட்டிய தட்டுகள்

வெள்ளவத்தை,
09.02.1997

அன்பின் அத்தானுக்கு,

நாகேஸ்வரி எழுதிக்கொள்வது. நீங்கள் லண்டனில் சுகமாகத்தான் இருப்பீர்கள். அதைக் கேட்டு எழுத எனக்கு இன்றைக்கு மனமில்லை. தம்பி கேதீஸ்வரனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. உங்களுடைய ரெக்கோட் பெட்டிகளால்தான் பிடித்துக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை காலை எங்கள் ஒழுங்கையை வளைத்துச் சோதித்தார்கள். அது இங்கே புதிதில்லை. கேதீஸின் அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, புறக்கோட்டையில் அவன் வேலை செய்கிற கடை முதலாளியின் கடிதம் எல்லாம் பார்த்தார்கள், சரி என்றார்கள். போகிற போக்கில் ஒருவன் கட்டிலுக்குக் கீழே குனிந்தான். அங்கே உங்கள் சொத்து இருந்தது. அந்த ஹமண்ட் ஓர்கன் வாத்திய இசைத்தட்டுகள். ஒவ்வொரு தட்டிலும் நடுவில் அச்சடித்த பெயரை மூடி, வட்டமாக வெட்டி ஒட்டிய வெள்ளைத்தாள். அந்தத் தாளில் உங்கள் கையெழுத்தில், சிவப்பு மையில், ஸ்டேஷன் ரோட், ஹம்டன் லேன், மார்க்கெட் முன்பக்கம், தெகிவளைப் பாலம்!

இன்ஸ்பெக்டர் ஒரு தட்டைத் தூக்கிப் பிடித்து, மேக்க மொகக்த நோனா, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார். பாட்டு என்றேன். பாட்டுக்கு ஏன் பாலத்தின் பெயர், குண்டு வைக்கிற இடங்களா என்று கேட்டார். நீங்கள் எழுபதுகளில் கணக்கியல் படிக்கப் போன காலத்தில் லண்டன் நடன மண்டபங்களில் பழகிவந்த பழக்கம் இது, அருமையான தட்டு ஒன்று அகப்பட்டால் மற்றவன் தேடி வாங்காதபடி அதன் பெயரை மறைத்துப் பொய்ப்பெயர் வைப்பார்களாம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது விசர்க்கதையாகத்தான் பட்டது. ஒரு தட்டை எங்கள் ரெக்கோட் பிளேயரில் போட்டும் கேட்டார்கள். அதில் ஒரு மனிதக் குரலாவது இருந்தால்தானே! அந்த ஓர்கன் மட்டும் உறுமுகிறது. இது பாட்டென்றால் பாடுகிறவன் எங்கே என்று கேட்டார்கள். அந்த அறையில் படுப்பவன் கேதீஸ் என்பதால் அவனைப் பெட்டிகளோடு ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் யாருக்காக மறைத்தீர்கள்? உங்களைப்போலவே ரெக்கோட் சேர்க்கிற கொட்டாஞ்சேனை சூசைதாசன் ஒருவருக்காக. துறைமுகத்தில் கப்பல்காரரிடம் ரெக்கோட் வாங்கி அவர் உங்களை முந்திவிடுவார் என்ற பயத்துக்காக. ரிதம் அண்ட் புளூஸ் என்கிற அந்த இசைக்காக நீங்கள் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுக்கொண்டே அடிபட்டீர்கள். நான் உங்களுக்குத் தேத்தண்ணீர் ஊற்றினேன். பெயர் வைக்க வேறு ஒன்றும் அகப்படாமல் காலி வீதியால் நடந்துபோய் ஒழுங்கை ஒழுங்கையாகப் பெயர் பொறுக்கினீர்கள்.

அட்வகேட் பௌஸி சொல்வது இதுதான். தட்டுகளும் தாளும் என்னுடையவை, எழுதியது நான், மைத்துனனுக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அங்கே ஒரு சட்டத்தரணி முன்னிலையில் சத்தியம் செய்து, ஒவ்வொரு தட்டின் உண்மையான பெயரையும் எழுதி அனுப்ப வேண்டும். டெலிபோன் எடுக்காதீர்கள். பொலிஸ் வந்த நாளிலிருந்து கீழ்வீட்டுக்காரர் தன் போனைத் தொட விடுவதில்லை.

கெதியாக எழுதுங்கள். அவனுக்கு அங்கே அடி விழுகிறதோ தெரியாது. எனக்குச் சோறு இறங்குவதில்லை.

உங்கள்,
நாகேஸ்


வெள்ளவத்தை,
02.03.1997

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நான்கு பக்கம். சத்தியக் கடுதாசி உள்ளே இருக்கும் என்று உறையை உதறிக்கூடப் பார்த்தேன்.

உங்கள் அகதி விசாரணை நடக்கிறதாம், இந்த நேரத்தில் இலங்கைப் பொலிஸ் பதிவில் உங்கள் பெயர் ஏறக்கூடாதாம். அதை ஒரு பேச்சுக்கு ஒத்துக்கொள்ளலாம். மிச்ச மூன்று பக்கமும் என்ன? தட்டுகளைப் படுக்க வைக்க விடாதே, நிமிர்த்தி வைக்கச் சொல்லு. தாளைக் கிழிக்க விடாதே, ஈரம் பட்டால் கீழே உள்ள லேபல் போய்விடும். சூசைதாசனுக்கு மட்டும் இந்த விஷயம் தெரியவே கூடாது. இதைத்தான் இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறீர்கள். கேதீஸ் குற்றமற்றவன், தானாக விடுவார்கள் என்று கடைசி வரி. இந்த ஊரில் தானாக விட்டதை நீங்கள் எப்போது கண்டீர்கள்? பொலிஸ் ஸ்டேஷனில் போய்த் தட்டுகளை நிமிர்த்தி வையுங்கள் என்று நான் கேட்கவேண்டுமாம்! உங்களுக்கு வெட்கமில்லையா?

நீங்கள் வேண்டாம் என்றதாலேயே நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

சூசைதாசன் கதவைத் திறந்ததும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஏசினார். அந்தப் பொறாமை பிடிச்சவன் ஊரைவிட்டுப் போனதுக்கு மாதா கோயிலில மெழுகுதிரி கொளுத்தினனான், இப்ப என்ன பெண்சாதியை அனுப்பியிருக்கிறான் என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். ஒழுங்கைப் பெயர் வைத்ததைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஒரு பெடியன் உள்ளே கிடக்கிறான், நீங்கள் சிரிக்கிறீர்கள் என்று சத்தம் போட்டேன். அவருடைய பெண்சாதி மாக்ரெட் அடுப்படியிலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கட சண்டையை அந்தப் பிள்ளையிட தலையில கொட்டவேணாம், போய்ச் சொல்லிட்டு வாங்க என்று அவரை அதட்டினாள்.

அதன் பிறகுதான் வழிக்கு வந்தார். அவருடைய பெருமைக்குக் குறைவில்லை. ஹோட்டல் இசைக்குழுவில் ஓர்கன் வாசித்தவராம், முதல் மூச்சிலேயே வாசிப்பவன் யாரென்று சொல்வாராம், கொழும்பில் இதற்கு வேறு ஆள் பிறக்கவில்லையாம். தட்டுகளின் உண்மைப் பெயரைப் பொலிசுக்குச் சொல்ல எனக்கு அந்த வாய்தான் வேண்டும். நாளைக்கு பௌஸியோடு கோட் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார்.

உங்கள் பெயர் ஒரு பதிவிலும் ஏறாது. நீங்கள் ஒன்றும் செய்யவேண்டாம். குளிரில் வெளியே போகும்போது காதை மூடிக்கொண்டு போங்கள்.

நாகேஸ்வரி


கொட்டாஞ்சேனை,
23.03.1997

சிவபாதசுந்தரம் அவர்களுக்கு,

விலாசத்தைப் பாருங்கள். நான் இப்போது மாக்ரெட் வீட்டில் இருக்கிறேன். கேதீஸ் வெளியே வந்துவிட்டான். வலது தோளை உயர்த்த முடியவில்லை. அவனை வத்தளையில் என் சிநேகிதி வீட்டில் விட்டிருக்கிறேன். சூசைதாசன் உள்ளே இருக்கிறார். ஏன் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், நீங்கள் வாசித்தேயாக வேண்டும்.

நாங்கள் பொலிஸ் ஸ்டேஷனுக்குப் போன அன்றைக்கு இன்ஸ்பெக்டர் மேசையில் தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார். தட்டுகளைப் பார்க்காதபடி சூசைதாசன் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு தட்டைப் போட்டார்கள். சிறிது நேரம்தான் கேட்டிருப்பார். வாசிப்பவன் பெயர், தட்டின் பெயர், லேபலின் நிறம் எல்லாவற்றையும் சொன்னார். ஒரு கான்ஸ்டபிள் ஈரத்துணியால் தாளைத் தேய்த்து எடுத்தார். சொன்னது சொன்னபடி இருந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததற்கு இன்ஸ்பெக்டரே சிரிக்கத் தொடங்கிவிட்டார், பியோனை அனுப்பித் தேத்தண்ணீர் எடுப்பித்தார். பௌஸி என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

பிறகு தெகிவளைப் பாலத்தைப் போட்டார்கள். சூசைதாசன் கேட்டுக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. தெரியாதா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். கான்ஸ்டபிள் தாளைத் தேய்த்தார். கீழே லேபலில் நீல மையில் எழுதியிருந்தது: எம். சூசைதாசன், கொட்டாஞ்சேனை.

அவருடைய தட்டு. கப்பல் சமையற்காரன் ஒருவன் அவருக்குக் கொடுத்தது, உலகத்தில் சிலரிடம்தான் இருக்குமென்று அவர் சொல்லித் திரிந்தது, ஒருநாள் அவர் வீட்டில் காணாமல் போனது. நீங்கள் திருடினீர்கள். அந்த ஒன்றை மறைக்கத்தானே எல்லாத் தட்டுக்கும் தாள் ஒட்டினீர்கள்? லண்டன் வழக்கம் என்று எனக்குச் சொன்ன கதையைச் சொல்லி நான் பொலிசுக்கு முன்னால் உங்களுக்காகப் பரிந்து பேசினேன். அதை நினைக்க என் மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்ஸ்பெக்டரின் முகம் மாறிவிட்டது. உம்முடைய பெயர் ஏன் பாலத்தின் பெயருக்குக் கீழே ஒளிந்திருக்கிறது என்று கேட்டார். கள்ளன் எடுத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சூசைதாசன் அன்றைக்கே வீட்டுக்கு வந்திருப்பார். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, நான்தான் கொடுத்தேன் என்றார். எதற்குக் கொடுத்தாய், எப்போது கொடுத்தாய், தாள் ஒட்டுவது உனக்குத் தெரியுமா என்று கேள்வி மேல் கேள்வி. அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. மாறி மாறிச் சொன்னார். சந்தேகம் அவர்மேல் திரும்பியதால் கேதீஸை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவரைக் கூண்டுக்குள் தள்ளினார்கள்.

நான் அந்த இடத்திலேயே, அது என் புருஷன் திருடியது என்று கத்தினேன். பெண்சாதிமார் எதையும் சொல்வார்கள், அந்த ஆளே கொடுத்தேன் என்கிறார், திருட்டென்றால் எடுத்தவனே எழுதித் தரட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். பௌஸி உள்ளே போய் ஏனப்பா இப்படிச் செய்தாய் என்று கேட்டிருக்கிறார். அந்தப் பொம்பிளை நிக்கிறா, அவவுக்கு முன்னால அவட புருசனைக் கள்ளன் எண்டு எப்பிடிச் சொல்றது என்றாராம் சூசைதாசன். இதை எழுதும்போது பக்கத்தில் மாக்ரெட் இருக்கிறாள்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தத் தட்டு காணாமல் போனபோது சூசைதாசன் சந்தேகப்பட்டது மாக்ரெட்டின் சொந்தத் தம்பியை. வீட்டு வாசலில் வைத்து அடித்துத் துரத்தினார். அந்தத் தம்பி அதன் பிறகு இந்த வீட்டு நல்லது கெட்டது ஒன்றுக்கும் வரவில்லை. அந்த நத்தார்ப் பண்டிகைக்கு நாங்கள் இருவரும் இங்கே வந்தோம், நினைவிருக்கிறதா? மாக்ரெட் அழுதாள். நீங்கள் கேக்கைத் தின்றுகொண்டு, அவன் சின்னப் பெடியன், மன்னித்துவிடுங்கோ என்று அவளுக்கு ஆறுதல் சொன்னீர்கள். நானும் உங்கள் நல்ல மனத்தை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அவர்மேல் தடுப்புக் காவல் உத்தரவு எடுக்கப் போகிறார்கள் என்று பௌஸி சொல்கிறார். எடுத்துவிட்டால் எந்த ஊருக்குக் கொண்டுபோவார்கள், எத்தனை மாதம் என்று ஒருவருக்கும் தெரியாது. அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. மாக்ரெட் காலையில் மருந்தையும் சாப்பாட்டையும் கொண்டுபோய் வாசலில் நிற்கிறாள். சிலநாள் வாங்குகிறார்கள், சிலநாள் திருப்பி அனுப்புகிறார்கள்.

உங்கள் விசாரணையை எனக்கு நினைவுபடுத்தாதீர்கள். திருட்டை ஒத்துக்கொண்டவனை அவர்கள் திருப்பி அனுப்பலாம், அனுப்பாமலும் விடலாம். அந்தப் பயம் உங்களுக்கு இருக்கட்டும். இங்கே உள்ளவர்கள் அதைவிடப் பெரிய பயத்தோடு இருக்கிறார்கள். நீங்கள் அனுப்பிய விசாப் பத்திரங்கள் வந்தன. பெட்டிகளையும் கையோடு கொண்டுவரச் சொன்னீர்கள். பத்திரங்களை நான் நிரப்பவில்லை. நிரப்பப் போவதுமில்லை. நீங்கள் எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் உங்களிடம் வரமாட்டேன். ஆகையால் என்னைத் திருப்திப்படுத்த நீங்கள் எழுதவேண்டாம்.

இனி வருவது என் சொல் இல்லை. மாக்ரெட் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். எனக்கென்றால் உங்களை மண்ணள்ளித் தூற்றவேண்டும் போலிருக்கிறது, அவள் விடமாட்டேன் என்கிறாள்.

உங்களில் அவளுக்குக் கோபமில்லையாம். தம்பியின் விஷயத்தையும் கேட்கமாட்டாளாம். அவரில்லாத வீட்டில் அந்த ஓர்கன் சத்தம் இல்லாமல் நித்திரை வருவதில்லையாம். பொலிஸ் அந்தத் தட்டைத் திருப்பித் தந்தால் பழுதுபடாமல் சுற்றி, தன் செலவிலேயே உங்களுக்கு லண்டனுக்கு அனுப்பி வைப்பாளாம், அதை நீங்களே வைத்துக்கொள்ளலாமாம். அது தன் புருஷனுடையது, அவருக்குத் தெரியாமல் எடுத்தேன் என்று மட்டும் ஒரு வரி எழுதி ஒப்பம் வைத்து நீங்கள் அனுப்பினால் போதுமாம். மாதா உங்களைக் காப்பாற்றுவாளாம்.

இப்படிக்கு,
கேதீஸ்வரனின் அக்கா
நாகேஸ்வரி