அவளாகத் தொடங்கும் மூச்சு

ஜூலை 4
இல்லவே இல்ல, தப்பு உன்மேலதான். நான் வாயாடி, ஒத்துக்கறேன். ஆனா ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது, பேச மூச்சில்லாத நிலைமையிலயும், கட்டின புருஷனைப் பாத்து, "கொஞ்சம் வாயை மூடறீங்களா"ன்னு ஊர் முன்னால கேட்டியே, நியாயமா? நான் பதில் சொல்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. அதான் இங்க எழுதறேன்.

ஜூலை 5
நுரையீரலில் சளி கட்டிவிட்டதாம். தூங்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் போட்டு, அவளை வென்டிலேட்டரில் வைத்திருக்கிறார்கள். எப்போது மூச்சு, எவ்வளவு காற்று, எல்லாம் மெஷின் முடிவு. நெஞ்சு ஒரே தாளத்தில் ஏறி இறங்குகிறது. கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி ஒன்றும் கேட்டதில்லை. மெஷின் சொன்னால் மட்டும் கேட்கிறாள். பொறாமையாக இருக்கிறது.

ஜூலை 7
மாடிப்படிப் பக்கம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

ஜூலை 9
காய்ச்சல் இறங்கியது. தூக்க மருந்தையும் குறைத்தார்கள். டாக்டர் பொண்ணு மெஷினை வேறு முறைக்கு மாற்றியது. "தாத்தா, இனிமே மூச்சைப் பாட்டிதான் ஆரம்பிக்கணும். மெஷின் கூடவே லேசாத் தள்ளிவிடும், அவ்ளோதான். நல்லா இழுத்தாங்கன்னா குழாயை எடுத்துடலாம்."
சைக்கிள் பழக்கும்போது சீட்டைப் பிடித்துக்கொண்டே ஓடுவோமே, அப்படி.
இன்றைக்காவது ஒழுங்காக இருப்போம் என்று கம்மென்று உட்கார்ந்தேன். கண்ணைத் திறந்தாள். என்னையே பார்த்தாள். மூச்சு குட்டிக் குட்டியாக, வேகவேகமாக ஓடியது. மெஷின் கத்தியது. பழைய முறைக்கே மாற்றிவிட்டார்கள்.
நான் என்ன பண்ணேன்? சும்மாதானே இருந்தேன்?

ஜூலை 10
சிஸ்டர் கேட்டார்: "ஏதாவது கெட்ட சேதி சொன்னீங்களா ஐயா?"
"ஒரு வார்த்தை பேசலம்மா."
"எப்பவும் இப்படித்தான் அமைதியா இருப்பீங்களா?"
சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் யாரோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். அவளுக்குத் தெரியாதா? பயந்துட்டா. தான் போகப்போறோம்னே நினைச்சுட்டா, பாவி மக.

ஜூலை 11
மறுபடி மெஷினை அந்தப் புது முறைக்கு மாற்றினார்கள். கையைப் பிடித்துக்கொண்டேன்.
"அடியே, எதுக்கு இப்படிப் பறக்கற? காத்து என்ன தீந்தா போயிடும்? மெதுவா இழு."
கண்ணை உருட்டினாள்.
"நீ இல்லாம வீட்டுல ராஜா மாதிரி இருக்கேன். பாத்திரம்தான் மலையாக் கெடக்கு."
முறைத்தாள். ஆனால் மூச்சு நிதானமானது. ஒவ்வொன்றையும் அவளே தொடங்கினாள். சிஸ்டர் மெஷின் தள்ளுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். மத்தியானம் குழாயை எடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 2
சாயங்காலம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, நடந்த கதையை அவளுக்கு ஒழுங்காகச் சொன்னேன். "உன்னைக் காப்பாத்தினது பாதி மெஷின், பாதி நான். இதுல என் பாதி இருக்கு பாரு, அது எப்படின்னா—"
எழுந்தாள். மூச்சு இளைக்காமல் உள்ளே நடந்து போய்விட்டாள்.