சுண்ணாம்புக்கு அடியில்

ஜூலை 6, திங்கள்

விடியும்போதே புழுக்கம். உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் வரை நடை, அங்கிருந்து ரயில். சனிக்கிழமை வரை புதுச்சேரியில்தான் வேலை. தங்கும் அறையில் மூட்டைப்பூச்சி.

கிளம்பும்போது அக்கா ஏதோ சொல்லிக்கொண்டே பின்னால் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பெண் கொடுக்க யாரோ வருகிறார்கள், ஆடி பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும், அப்புறம் வீட்டைப் பற்றி ஏதோ. "இன்னாடா, சரியா?" என்றாள். சரி என்றேன். என் பெண்டாட்டி அஞ்சலை ஜுரத்தில் செத்துப்போன நாளிலிருந்து யார் எது கேட்டாலும் சரிதான். பேச்சு சீக்கிரம் முடிகிறது.

வாங்க வேண்டியது: பென்சில், சவரக் கத்தி, அக்காவுக்குத் தலைவலித் தைலம்.

ஜூலை 7, செவ்வாய்

முத்தியால்பேட்டைப் பக்கம். மின்சாரக் கம்பியைத் தாங்கும் இரும்பு எந்தச் சுவரில் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று அளந்து, வரைபடத்தில் குறித்து, சுவரில் காவிக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி. தெரு தெருவாக இதேதான். ஏணி தூக்குகிறவன் கோவிந்தன். நான் படித்தவன் என்பதால், பிரெஞ்சு துரைகளைக் கூப்பிடுவதுபோல அவனுக்கு நான் 'முசே'.

"முசே, உங்க பங்கையும் நானே பேசறேன். கூலி மட்டும் ஒருத்தனுக்குத்தான் வருது."

கால் வலி. சாயங்காலம் அறைக்குப் போகப் பிடிக்காமல் இருட்டும்வரை நடந்தேன். எந்தத் தெரு என்று கேட்டால் தெரியாது. தைலம் வாங்க மறந்தாச்சு.

ஜூலை 9, வியாழன்

நேற்று ஒன்றும் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

இன்று வேலை கெட்டது. பதினாலாம் தேதி பிரெஞ்சுக்காரர் பண்டிகைக்காக முனிசிபல் ஆட்கள் தெருச் சுவருக்கெல்லாம் வெள்ளை அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை போட்ட குறி ஒன்றுகூட இல்லை. திரும்ப அளக்க வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். கோவிந்தன் குழாயடியில் ஒரு வாளி பிடித்து வந்து சுவரில் வீசினான். ஒரே கை பூச்சு. நனைந்ததும் காவிக் குறி உள்ளேயிருந்து தெரிந்தது.

குறிக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு கோடு. இன்னும் ஊற்றச் சொன்னேன். புகைபோக்கி. கொடி. ஒரு கப்பல். செவ்வாய்க்கிழமை இதே சுவரில்தான் குறி போட்டேன். கப்பலைப் பார்த்த ஞாபகமே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்தாள். "யோவ், இன்னாத்துக்குயா செவுத்தக் குளிப்பாட்டற?"

"குறி தேடறோம்மா."

"நல்லாத் தேடு. எங்க வூட்டுக்காரரு சைகோனுக்குப் போறப்போ போட்டது. இதுல ஏறித்தான் போறேன்னாரு."

"வந்துட்டாரா?"

"கப்பல்தான் இருக்குது."

இரும்பு சரியாகப் புகைபோக்கியில் வருகிறது. ஓட்டை போட்டால் காரை பெயரும். குறியை ஒரு முழம் தள்ளிப் போட்டேன்.

"கம்பி கோணலாப் போவும் முசே. தொரை கத்துவாரு."

கத்தட்டும். நாங்கள் கிளம்பும்போது வெயிலில் சுவர் காய்ந்து கப்பலின் முன்பக்கம் மறைந்துகொண்டிருந்தது. "போறதுதான் போறீங்க, இன்னொரு வாளி ஊத்திட்டுப் போங்கய்யா" என்றாள். கோவிந்தன் ஊற்றினான்.

ஜூலை 10, வெள்ளி

நாள் முழுக்கத் தண்ணீர் வீசுவது, நடப்பது. குறி இருக்கும் இடத்தில் மட்டும் வீசினால் போதும். கோவிந்தன் நிறுத்தவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு சுவரில் புலி, மீசை மட்டும் மனுஷன் மீசை. சாராயக்கடைச் சந்தில் தொப்பி வைத்த சிப்பாய். எண்ணெய்க் கடைக்காரர் ஈரத்தைப் பார்த்துத் திட்டினார், அப்புறம் அவரே வந்து நின்று பார்த்தார்.

மத்தியானம் ஒரு கோயில் பின்சுவரில் மயில். யாரோ நன்றாகப் போட்டிருந்தார்கள். கால் இரண்டும் அளவாக.

அஞ்சலை மயிலுக்கு இரண்டு காலும் ஒரே பக்கம். கொல்லைச் சுவரில் சலவை நீலத்தைக் கரைத்துப் போட்டது. கோழியா என்று கேட்டேன். "உங்க அடிகோலுக்கு அடங்காது, போங்க" என்றாள்.

அப்போதுதான், திங்கட்கிழமை அக்கா சொன்னது காதில் விழுந்தது. "கொல்லச் செவுத்துக்கும் சேத்து சுண்ணாம்பு அடிச்சிடறேன். இன்னாடா, சரியா?"

அஞ்சலைக்கு போட்டோ எதுவும் கிடையாது. அந்தச் சுவர்தான்.

கோவிந்தன் கேட்டான். "முசே, இன்னா ஆச்சு?" சோடா வாங்கிக் கொடுத்தான்.

ஜூலை 11, சனி

அரை நாள் வேலை. துரை கம்பிக் கோணலைப் பற்றிக் கேட்டார். சுவர் பலமில்லை என்றேன். ரயில் தாமதம். வில்லியனூரிலிருந்து வேகமாக நடந்தேன். தைலம் வாங்கியாச்சு.

வீடு பளிச்சென்று இருந்தது. வாசல், கூடம், கொல்லை, எல்லாம் வெள்ளை.

பையைக்கூட வைக்காமல் தொட்டியில் செம்பை முக்கி ஊற்றினேன். ஒன்றும் தெரியவில்லை.

"டேய், இன்னாடா பண்ற? நாளைக்கு வர்றாங்க."

இன்னொரு செம்பு.

"ரெண்டு கை அடிச்சிருக்கேன்டா, கரைஞ்சிடப் போவுது. நீதானே சரின்ன?"

நான்தான். ஊற்றிக்கொண்டே இருந்தேன். சட்டையெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர். ரொம்ப நேரம் கழித்து, கீழே, மங்கலாக நீலம். ஒரு கால். பக்கத்திலேயே இன்னொரு கால். அதற்கு மேல் தெரியவில்லை.

அக்கா கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். "அவ போட்ட கோழி."

"மயிலு" என்றேன். அப்புறம், "நாளைக்கு வேணாம்க்கா. வரவேணாம்னு சொல்லி அனுப்பு."

வெயில் பட்ட பக்கம் கால் மறையத் தொடங்கியது. அக்கா என் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டு தண்ணீர் மொள்ளத் தொட்டிக்குப் போனாள்.